பழைய ஹார்னெட்டுக்குத் தோட்டா நிரப்பிய ஓராண்டுக் குறிப்பு

பெரியப்பா தென்னாப்பிரிக்காவில் ஸ்டாங்கருக்கு வடக்கே கரும்பு வைத்திருந்த காலத்தில் வாங்கிய சிறு ரைஃபிள் ஒன்று, அவர் காலமான பிறகு எனக்கு வந்தது. வந்தது என்று ஒரு சொல்லில் எழுதிவிடலாம். ஆனால் 2000 ஆம் ஆண்டின் 60 ஆம் எண் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி எனக்குத் தகுதிச் சான்றும், அந்தத் துப்பாக்கிக்கென்று என் பெயரில் தனி உரிமமும் கிடைக்கும்வரை, அது டர்பனில் ஒரு துப்பாக்கி வியாபாரியின் இரும்பு அறைக்குள்தான் இருந்தது. உரிமம் கைக்கு வந்த அன்று துப்பாக்கியோடு ஒரு பழைய பிஸ்கட் டின்னையும் பெரியம்மா எடுத்துக் கொடுத்தார். திறந்து பார்த்தால், சுட்டு முடித்த பித்தளைக் கூடுகள், பச்சை பூத்தும் கறுத்தும், எண்ணிப் பார்த்ததில் 163. பெரியப்பா எதையும் தூக்கி எறியாதவர். அந்த டின்தான், சுட்ட கூட்டில் பிரைமரும் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு வெடிமூடி) வெடிமருந்தும் குண்டும் வைத்து மறுபடி தோட்டாவாக்கும் இந்த வேலைக்கு என்னை இழுத்தது.

துப்பாக்கி பிர்னோ இசட்.கே.டபிள்யூ. 465. செக்கோஸ்லோவாக்கியாவில் இரண்டாம் உலகப் போருக்குப் பின் செய்யப்பட்டது. பெரிய மவுசர் ரைஃபிளின் பூட்டை அப்படியே சுருக்கிச் செய்தது போன்ற அமைப்பு. ஐந்து தோட்டா கொள்ளும், கழற்றக்கூடிய பெட்டி. அது சுடுவது .22 ஹார்னெட் என்ற தோட்டா. கரி மருந்துக் காலத்தைச் சேர்ந்த .22 டபிள்யூ.சி.எஃப். என்ற பழைய தோட்டாவின் கூட்டில் புகையில்லா மருந்தை நிரப்பி, 1920களில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதசாலையைச் சேர்ந்த சிலர் தம் சொந்த ஆர்வத்தில் செய்து பார்த்ததுதான் ஹார்னெட்டின் பிறப்பு. 1930இல் வின்செஸ்டர் நிறுவனம் தோட்டாவை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அதைச் சுடுவதற்கென்று கடையில் வாங்கத்தக்க துப்பாக்கி ஒன்றுகூட இல்லை என்பது வேடிக்கை. இந்தப் பிறப்பு வரலாற்றை நான் வெறும் அலங்காரத்துக்குச் சொல்லவில்லை. ஹார்னெட்டின் கூடு இன்றும் அந்தக் கரி மருந்துக் காலத்துக் கூடுதான்: சுவர் மெலிது, தோள் (உடல் கழுத்தாகக் குறுகும் இடம்) சரிவு, அடியில் விளிம்பு. ஓராண்டாக எனக்கு நேர்ந்த தொல்லைகள் எல்லாம் அந்த மெல்லிய சுவரிலிருந்தே வந்தன. நான் அதைப் புரிந்துகொள்ளத்தான் ஆறு மாதம் ஆயிற்று.

கடையில் ஹார்னெட் தோட்டா எப்போதும் கிடைப்பதில்லை. கிடைக்கும்போது அதன் விலை, அதைவிட இரு மடங்கு மருந்து கொள்ளும் தோட்டாக்களின் விலையை எட்டி நிற்கிறது. ஒரு பெட்டி வாங்கி, பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் உள்ள எங்கள் சங்கத்தின் திடலில் 100 மீட்டரில் நான்கு முறை ஐந்தைந்தாகச் சுட்டு, துளைகள் பரவிய அகலத்தை அளந்தேன். சராசரி 58 மில்லிமீட்டர். அறுபது ஆண்டை ஒட்டிய துப்பாக்கிக்கு இது மோசமில்லை என்று சிலர் சொன்னார்கள். நான் ஆயுள் முழுவதும் டூல்ரூமில் ஃபிட்டராக வேலை பார்த்தவன். 58 மில்லிமீட்டர் என்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

தோட்டா நிரப்புவதற்கு முன்னால் குழலை அளந்தேன். இதைப் பலர் தாண்டிச் செல்கிறார்கள். பழைய ஹார்னெட்டில் தாண்டக் கூடாது. தொடக்க காலத்து ஹார்னெட் குழல்கள் .223 அங்குலக் குண்டுக்கென வெட்டப்பட்டவை, பின்னால் வந்தவை .224 குண்டுக்கு. அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் வேறுபாடு என்றாலும், எது நம்முடையது என்று தெரியாமல் குண்டு வாங்குவது, அளவெடுக்காமல் பேரிங் வாங்குவது போன்றது. மென்மையான ஈயத் துண்டு ஒன்றை எண்ணெய் தடவி, குழலின் வாய்ப்பக்கம் வைத்து, மரச்சுத்தியால் மெல்லத் தட்டி உள்ளே செலுத்தி, பித்தளைக் கம்பியால் மறுபக்கம் தள்ளி எடுத்தேன். அதில் பதிந்த புரிப்பள்ளங்களின் விட்டத்தை மைக்ரோமீட்டரில் அளந்தபோது 5.69 மில்லிமீட்டர் காட்டியது, அதாவது .224 அங்குலம். கடையில் எளிதாகக் கிடைக்கும் குண்டே போதும் என்ற நிம்மதி.

அந்த நிம்மதியில்தான் முதல் பிழை செய்தேன். .224 விட்டத்தில் மலிவாகக் கிடைத்தது 55 கிரெய்ன் (ஒரு கிரெய்ன் சுமார் 65 மில்லிகிராம்) எடையுள்ள குண்டு, இருநூறு வாங்கிவிட்டேன். ஹார்னெட் குழலின் புரி 16 அங்குலத்துக்கு ஒரு சுற்றுத்தான் சுற்றுகிறது. அந்த மெதுவான சுழற்சி, 45 கிரெய்ன் வரையிலான குட்டையான குண்டுகளைத்தான் நேராக நிறுத்தும். 55 கிரெய்ன் குண்டு நீளமானது, அதற்கு இன்னும் வேகமான சுழற்சி வேண்டும். 50 மீட்டரில் தாளில் விழுந்த துளைகள் வட்டமாக இல்லை. சாவித் துவாரம் போல நீண்டிருந்தன. குண்டு குறுக்காகப் புரண்டு போயிருக்கிறது. குண்டின் நீளமே சுழற்சியைத் தீர்மானிக்கிறது என்பதை நான் படித்திருந்தேன். படித்ததை மலிவு விலையைக் கண்டதும் மறந்துபோனேன். அந்தக் குண்டுகளை .223 ரெமிங்டன் என்ற வேறு தோட்டாவைச் சுடும் நண்பருக்குக் கொடுத்துவிட்டு, 45 கிரெய்ன் மென்முனைக் குண்டுக்கு மாறினேன். பிளாஸ்டிக் முனை வைத்த 40 கிரெய்ன் குண்டையும் பார்த்தேன். முனை நீண்டிருப்பதால் முழுத் தோட்டாவும் பிர்னோவின் பெட்டிக்குள் அடங்கவில்லை. ஹார்னெட் தோட்டாவின் அதிகபட்ச மொத்த நீளம் 43.76 மில்லிமீட்டர், என் பெட்டியில் அதற்கு மேல் ஒரு மயிரிழைகூட இடமில்லை.

இனி கூடுகளுக்கு வருகிறேன். பித்தளை என்றதும் நம் வீட்டில் நினைவுக்கு வருவது குத்துவிளக்கும் புளியும்தானே. கூடுகளைச் சுத்தம் செய்யும் உருளை இயந்திரம் அப்போது என்னிடம் இல்லை. நீர்க்கக் கரைத்த புளிக்கரைசலில் ஐந்து நிமிடம் போட்டு எடுத்து, பலமுறை நீரில் அலசி, அடுப்பங்கரைக் கிண்ணங்கள் எதையும் தொடாமல் தனி வாளியில் செய்தேன். பச்சையெல்லாம் போய் மின்னியது. ஆனால் ஒரு கைப்பிடிக் கூடுகளை மறந்து இரவு முழுதும் ஊறவிட்டதில் அவை இளஞ்சிவப்பாகிவிட்டன. புளிப்பு அதிக நேரம் பட்டால் பித்தளையிலுள்ள துத்தநாகம் கரைந்து, செம்பு மட்டும் மேலே தங்கும். அப்படிப்பட்ட கூட்டின் மேற்பரப்பு வலுவிழந்தது. அந்த பதினெட்டையும் நசுக்கிப் பழைய இரும்புக்காரருக்குப் போட்டேன். விளக்கு அழுத்தம் தாங்க வேண்டியதில்லை. கூடு, சர்வதேச அளவுகோலின்படி 3000 பார் வரை தாங்க வேண்டும்.

மிஞ்சிய 145 கூடுகளில் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பார்த்தேன். கழுத்தில் விரிசல் கண்டவை 31. அதன் பிறகு, ஒரு மெல்லிய கம்பியின் நுனியைக் கூராக்கி, செங்கோணத்தில் வளைத்து, கூட்டின் வாய்வழியே விட்டு, அடிக்குச் சற்று மேலே உட்சுவரை உரசிப் பார்த்தேன். நல்ல கூட்டில் கம்பி வழுவழுப்பாக நகரும். களைத்த கூட்டில் ஒரு பள்ளத்தில் சிக்கும். அந்தப் பள்ளம்தான் கூடு இரண்டாகப் பிரியப்போகும் இடம். சுடும்போது பிரிந்தால் முன்பகுதி குழலுக்குள்ளேயே தங்கும், கொதிக்கும் வாயு பின்னால் முகத்தை நோக்கிப் பீறிடும். பள்ளம் தட்டுப்பட்டவை 22. ஆக, பெரியப்பாவின் டின்னிலிருந்து தேறியவை 92. இவற்றுள் ஒரே நிறுவனத்தின் முத்திரை கொண்டவை 40. அந்த 40ஐ மட்டும் தனியாக எடுத்து இந்தச் சோதனை முழுவதற்கும் பயன்படுத்தினேன். வெவ்வேறு நிறுவனங்களின் கூடுகளுக்குச் சுவர்த் தடிமன் வேறு, உள்ளே கொள்ளும் இடம் வேறு. ஹார்னெட் போன்ற சிறு கூட்டில் அந்த வேறுபாடே அழுத்தத்தை ஏற்றிவிடும்.

மருந்தின் அளவை இங்கே நான் எழுதப்போவதில்லை. எழுதினால் யாராவது அதையே நிறுத்து நிரப்பிவிடுவார்கள். என் குழல் வேறு, அவருடைய குழல் வேறு. நம் நாட்டில் சோம்கெம் மருந்துக்கு அந்நிறுவனமே வெளியிடும் கையேடு இருக்கிறது. அதில் தொடக்க அளவும் உச்ச அளவும் குண்டின் எடைவாரியாக இருக்கின்றன. தொடக்க அளவிலிருந்து ஏறுவதும், ஒரு பொருளை மாற்றினாலும் திரும்பத் தொடக்க அளவுக்கே இறங்குவதும்தான் முறை. ஒன்று மட்டும் சொல்லலாம்: ஹார்னெட்டுக்குப் பொருந்தும் மருந்துகளில், கூட்டை ஏறக்குறைய நிரப்பிவிடும் மருந்தையே நான் தேர்ந்தேன். கவனப்பிசகாக ஒரே கூட்டில் இரண்டு முறை மருந்தைக் கொட்டிவிட்டால் அது வழிந்து மேசையில் கிடக்கும், கண் தப்பாது. கொஞ்சமே போதும் என்ற வேகமான பிஸ்டல் மருந்தில் இரட்டை அளவு சத்தமில்லாமல் உள்ளே ஒளிந்துகொள்ளும்.

ஹார்னெட்டில் ஒரு கிரெய்னின் பத்தில் ஒரு பங்குகூடக் கணக்கில் வரும். அது 6.5 மில்லிகிராம். பெரிய தோட்டாவில் அந்த அளவு வேறுபாடு தெரியாமலே போகும். பத்துப் பன்னிரண்டு கிரெய்ன் கொள்ளும் கூட்டில் அது நூற்றுக்கு ஒரு பங்கு. பிப்ரவரி மாதத்து டர்பன் புழுக்கத்தில், மேலே மின்விசிறி சுழல, கீழே பழைய துலாக்கோல் தராசில் நான் நிறுத்துக்கொண்டிருந்தேன். நிறுத்ததையே மறுபடி நிறுத்தால் ஒவ்வொரு முறையும் வேறு எண் வந்தது. தராசைப் பிரித்து, கத்திமுனைகளைத் துடைத்து, மேசையை ரசமட்டம் வைத்துச் சரிபார்த்து, ஒரு மாலை முழுதும் வீணான பிறகு, என் மனைவி வந்து விசிறியை நிறுத்தினார். முள் அசையாமல் நின்றது. அன்று முதல் வியர்வை வழிய வழியத்தான் நிறுக்கிறேன்; நெற்றியில் துண்டைக் கட்டிக்கொள்வது அவசியம், ஏனெனில் ஒரு சொட்டு மருந்துத் தட்டில் விழுந்தால் அந்தத் தட்டே போயிற்று.

முதல் இருபது தோட்டாக்களை நிரப்பிய மாலையில் ஏழு கூடுகள் என் கண் முன்னே நசுங்கின. குண்டைக் கூட்டின் வாயில் நிறுத்தி, தோட்டா நிரப்பும் அழுத்துகருவியான பிரஸின் கைப்பிடியை இறக்கும்போது, குண்டு உள்ளே போவதற்குப் பதிலாகத் தோள் மடிந்து, கூடு காலிக் குளிர்பான டப்பா போலச் சுருங்கியது. கூட்டின் வாயின் உள்விளிம்பைச் சாய்வாகச் சீவாததும், தட்டையான அடி கொண்ட குண்டை நேராக நிறுத்தாததும் காரணம். இப்போது ஒவ்வொரு வாயையும் உள்ளும் புறமும் லேசாகச் சீவுகிறேன். குண்டைப் பாதியளவு இறக்கியதும் கைப்பிடியைச் சற்றுத் தூக்கி, தோட்டாவை அரைவட்டம் திருப்பி, பிறகு மீதியை இறக்குகிறேன். அதன் பின் ஒன்றுகூட நசுங்கவில்லை. அதே மாலையில் வேறு சில கூடுகளின் தோளில் சிறு குழிகள் விழுந்தன. அவை மசகு எண்ணெய் அதிகமாகிப்போனதன் அடையாளம். சுட்டு விரிந்த கூட்டைப் பழைய அளவுக்கு அமுக்கும் அச்சான டைக்குள், போக வழியில்லாமல் எண்ணெய் சிக்கி, மெல்லிய பித்தளையையே உள்ளே தள்ளிவிடுகிறது.

அந்த முதல் தோட்டாக்களைக் கொண்டுபோய்ச் சுட்டேன். சராசரி 65 மில்லிமீட்டர். கடைத் தோட்டாவைவிட மோசம்.

அடுத்த நான்கு மாதங்களை மருந்தை மாற்றிப் பார்ப்பதில் செலவிட்டேன். மூன்று வகை மருந்து, ஒவ்வொன்றிலும் கையேடு சொன்ன எல்லைக்குள் ஐந்து அளவு, ஒவ்வொரு அளவிலும் பத்துத் தோட்டா. எல்லாம் 55க்கும் 65க்கும் இடையில் வந்து நின்றன. குழலை அடியோடு சுத்தம் செய்தேன், மரக்கட்டையில் துப்பாக்கியைப் பிணைக்கும் திருகுகளை இறுக்கினேன், பழைய தொலைநோக்கியின் பிடிகளைச் சோதித்தேன். வேகமானி வைத்து அளந்ததில் ஒரே அளவு மருந்திட்ட பத்துத் தோட்டாக்களின் வேகத்தில் உச்சத்துக்கும் தாழ்வுக்கும் இடையே நொடிக்கு 48 மீட்டர் வேறுபாடு. 45 கிரெய்ன் கடைத் தோட்டாவுக்கு நிறுவனங்கள் சொல்லும் வேகம் நொடிக்குச் சுமார் 820 மீட்டர்; அதில் 48 என்பது பெரிய ஊசலாட்டம்.

சங்கத்தில் டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்து வரும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். என்னைப் போலவே ஓய்வுபெற்ற மெஷினிஸ்ட், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். என் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, மருந்த வுட்டுட்டு கூட்டப் பாரு" என்றார். நான் எல்லாக் கூட்டையும் நீளம் அளந்திருக்கிறேன் அண்ணா என்றேன். "நீளம் இல்ல. தோள அளந்தியா?" என்று கேட்டார். அளந்திருக்கவில்லை.

அவர் சொன்னதைப் புரிந்துகொள்ள, ஹார்னெட் கூடு துப்பாக்கிக்குள் எப்படி நிற்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். விளிம்பில்லாத தோட்டாக்களில் கூட்டின் தோள்தான் அறைக்குள் முட்டி நிற்கும். ஹார்னெட்டில் அடியிலுள்ள விளிம்பே குழலின் பின்முனையில் தொங்கி நிற்கிறது. ஆகவே தோளுக்கு முன்னால் எவ்வளவு வெற்றிடம் இருந்தாலும் தோட்டா உள்ளே போகும், சுடும். பழைய துப்பாக்கிகளில் அந்த வெற்றிடத்தைத் தாராளமாக விட்டிருப்பார்கள். சுடும்போது மெல்லிய சுவர் விரிந்து அறையை நிரப்புகிறது, தோள் முன்னே தள்ளப்படுகிறது. அதன் பின் நான் முழுக்கூட்டையும் இறுக்கும் டைக்குள் அதைத் திணித்து, தோளைப் பழைய இடத்துக்கே பின்தள்ளினேன். அடுத்த சூட்டில் மறுபடி முன்னே. ஒவ்வொரு முறையும் முன்னே போகத் தேவையான பித்தளை எங்கிருந்தோ வர வேண்டும். அது அடிக்குச் சற்று மேலே, தடித்த அடிப்பகுதி மெல்லிய சுவராக மாறும் இடத்திலிருந்து வருகிறது. நான் கம்பியால் தடவிக் கண்ட அந்தப் பள்ளம் இப்படி வெட்டப்பட்டதுதான். வீட்டுக்கு வந்து, சிறு வளையம் ஒன்றைக் கடைந்து, அதைத் தோளில் நிறுத்தி, சுட்ட கூட்டையும் டையில் இறுக்கிய கூட்டையும் வெர்னியரில் அளந்தேன். வேறுபாடு 0.45 மில்லிமீட்டர். டூல்ரூமில் யாராவது இதைக் கொண்டுவந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

இன்னொன்றும் வெளிப்பட்டது. முழு டைக்குள் கழுத்தை அளவுக்கு மீறி இறுக்கிவிட்டு, திரும்பி வரும்போது உள்ளேயிருக்கும் உருண்டை ஒன்று கழுத்தை மறுபடி விரித்துக்கொண்டு வெளியேறுகிறது. அந்த உருண்டை மெல்லிய கழுத்தை இழுத்துக் கோணலாக்குகிறது. பழைய டயல் மானி ஒன்றை எடுத்து, இரண்டு வி-வடிவக் கட்டைகள் மீது தோட்டாவைக் கிடத்தி, விரலால் உருட்டி, குண்டின் முனை எவ்வளவு தள்ளாடுகிறது என்று பார்த்தேன். சராசரி 0.15 மில்லிமீட்டர், சிலவற்றில் 0.2க்கும் மேல். கோணலாகக் குழலுக்குள் நுழையும் குண்டு நேராகப் போக வேண்டும் என்று மருந்தை மாற்றி மாற்றி நான்கு மாதம் வேண்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

காலெட் வகை டை ஒன்றை வாங்கினேன். அது கூட்டின் உடலையோ தோளையோ தொடுவதில்லை. கழுத்தை மட்டும், உள்ளே நிற்கும் நேரான தண்டின் மீது நான்கு விரல்கள் போலச் சூழ்ந்து அமுக்குகிறது. உருண்டை இல்லை, இழுப்பு இல்லை, எண்ணெயும் வேண்டாம். கூடு என் துப்பாக்கியின் அறை வடிவத்திலேயே தங்கிவிடுகிறது. அப்படி நிரப்பிய தோட்டா என் துப்பாக்கிக்கு மட்டுமே உரியது. வேறொரு ஹார்னெட்டில் நுழையாமல் போகலாம். சட்டப்படியும் நான் உரிமம் வைத்திருக்கும் துப்பாக்கிக்கு மட்டுமே நிரப்பலாம் என்பதால் அதில் எனக்கு இழப்பில்லை.

டை மட்டும் போதவில்லை. பலமுறை சுட்டு இறுகிப்போன பழைய கழுத்துகள் அமுக்கியதும் மீண்டும் விரிந்தன. ஒரு கூட்டில் குண்டு இறுக்கமாகவும் இன்னொன்றில் தளர்வாகவும் நின்றது. கழுத்தைச் சூடாக்கி மென்மையாக்க வேண்டும். ஹார்னெட் கூடு மொத்தமே 35 மில்லிமீட்டர் என்பதால் கழுத்தின் சூடு விரைவில் அடிக்கு இறங்கிவிடும். அடி மென்மையானால் அந்தக் கூடு ஆபத்து. ஆகவே தட்டு ஒன்றில் நீர் ஊற்றி, கூடுகளைப் பாதிவரை நீரில் நிறுத்தி, இருட்டிய அறையில், சிறு கேஸ் பர்னரின் நீலச் சுடரைக் கழுத்தில் காட்டி, நிறம் மாறத் தொடங்கியவுடன், சிவக்கும் முன்பே, தட்டி நீரில் சாய்த்தேன். பின்பு இரண்டு நாள் வெயிலில் காயவைத்தேன். டர்பன் காற்றின் ஈரத்தை நம்ப முடியாது. பிரைமர் துவாரத்தில் ஒரு துளி நீர் நின்றாலும் மருந்து கெடும். நீளத்தை அளந்து, உச்சமான 35.64ஐ நெருங்கியவற்றை 35.4க்கு வெட்டினேன்.

பிரைமரைப் பற்றி ஒரு வார்த்தை. தொடக்கத்தில் கடையில் இருந்ததென்று மேக்னம் வகைச் சிறு ரைஃபிள் பிரைமர் வாங்கியிருந்தேன். இவ்வளவு சிறிய கூட்டில் வலுவான பிரைமரின் வீச்சே, மருந்து சீராகப் பற்றுவதற்குள் குண்டைக் கழுத்திலிருந்து பெயர்த்துவிடக்கூடும். சாதாரண வகைக்கு மாறி, மீண்டும் தொடக்க அளவிலிருந்து ஏறினேன். பிஸ்டல் பிரைமரைப் போட்டு நல்ல பயன் கண்டதாகச் சொல்பவர்கள் உண்டு. அதன் தகடு மெலிது என்பதால் நான் அந்த வழிக்குப் போகவில்லை.

ஆகஸ்ட் மாதம், ஆடிக் கூழ் முடிந்த வாரத்தில், காற்றில்லாத காலை ஒன்றில் திடலுக்குப் போனோம். முதல் மாதத்தில் 65 மில்லிமீட்டர் தந்த அதே மருந்து, கையேட்டின் நடுப்பகுதியில் ஓர் அளவு. டயல் மானியில் தள்ளாட்டம் சராசரி 0.04. நான்கு முறை ஐந்தைந்து சுட்டேன்: 33, 27, 36, 29. வேகத்தின் ஊசலாட்டம் நொடிக்கு 17 மீட்டராகக் குறைந்திருந்தது. சாட்ஸ்வொர்த் அண்ணா தாளைக் கையில் வாங்கிப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல், தன் துப்பாக்கியைத் துடைக்கத் திரும்பினார்.

மலிவு என்று தொடங்கிய வேலை என்பதால் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். குண்டு, மருந்து, பிரைமர் மூன்றையும் கூட்டினால் கடைத் தோட்டாவின் விலையில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு ஆகிறது. கூட்டின் விலையைச் சேர்த்தால் அது எத்தனை முறை தாங்கும் என்பதைப் பொறுத்தது. முழு டையில் இறுக்கிய கூடுகள் நான்கைந்து முறையில் கழுத்து பிளந்தோ அடி களைத்தோ போயின. கழுத்தை மட்டும் இறுக்கியவை பத்தைத் தாண்டின. பிரஸ், தராசு, டைகள், வேகமானி எல்லாவற்றையும் கூட்டினால் முதல் ஆண்டு எனக்கு நட்டமே, மறைக்க ஒன்றுமில்லை. ஒரேயடியாகச் செய்து குவித்தால் மலியும் என்று எண்ணவும் இடமில்லை. சிறப்புத் தகுதி பெற்ற வேட்டையாளரோ விளையாட்டு வீரரோ அல்லாதவர், உரிமம் பெற்ற துப்பாக்கி ஒன்றுக்கு 200 தோட்டாவுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. பிரைமருக்கும் 2400 என்று வரம்பு உண்டு. என் மேசையில் ஒரு வேளைக்கு ஒரே ஒரு மருந்து டப்பாதான் திறந்திருக்கும். வேலை முடிந்ததும் மிச்சம் அதே டப்பாவுக்குத் திரும்பும், வேறு பாத்திரத்துக்கு ஒருபோதும் மாறாது. பிரைமர் மருந்திலிருந்து தள்ளி, அதன் சொந்த அட்டைப் பெட்டியிலேயே இருக்கும். கடற்காற்று உப்பு எல்லாவற்றிலும் ஏறுவதால் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை மாதத்துக்கொரு முறை அடுப்பில் காயவைத்து மாற்றுகிறேன்.

சென்ற வாரம் அந்த 40இல் மிஞ்சிய கூடுகள் பன்னிரண்டாம் முறை சுடப்பட்டு வந்தன. வழக்கம்போல வளைந்த கம்பியை உள்ளே விட்டுத் தடவினேன். மற்றெல்லாவற்றிலும் வழுவழுப்பு, ஒன்றில் மட்டும், அடிக்கு ஆறு மில்லிமீட்டர் மேலே, நுனி மிக லேசாகத் தயங்கியது. கைப்பிரமையோ என்று மூன்று முறை தடவினேன். பிறகு அதை வைஸில் பிடித்து, நகைப்பட்டறை ரம்பத்தால் நெடுக அறுத்து, எமரித் தாளில் தேய்த்துப் பார்த்தேன். சுவரின் உட்பக்கம், மயிரிழை அகலத்தில், வெளிறிய ஒரு வளையம். அங்கே பித்தளையின் தடிமன் பக்கத்திலுள்ளதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. அறுத்த இரண்டு பாதிகளையும் பெரியப்பாவின் பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருக்கிறேன். மற்றவற்றையும் பதினான்காம் முறை வரை விடாமல், அடுத்த சுற்றுக்குப் பிறகு மறுபடி தடவிப் பார்க்க வேண்டும்.